ஒன்பது சதவீதப் பெண்

அத்தியாயம் 4

அமோஸ் கிரீன்வால்டின் தாடை மூன்று இடங்களில் உடைந்திருந்தது. மண்டையில் ஒரு பிளவு. அடியைத் தடுக்க உயர்த்திய இடது கையில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கித் தொங்கின. அடித்தவன் ஆயுதம் எதையும் கொண்டு வரவில்லை. கிரீன்வால்டின் மேஜை மேலேயே இருந்த, காகிதத்தில் துளை போடும் பழைய இரும்பு பஞ்சிங் மெஷினைத் தூக்கியிருக்கிறான். மூன்று கிலோ எடை. குறைந்தது ஐந்து முறை அடித்திருக்கிறான்.

"ஒரே அமுக்குல முப்பது பேப்பரை ஓட்டை போடுமாம்," என்றான் ஃப்ரிட்ஸ், போலீஸ் எடுத்த போட்டோவைக் கைபேசியில் பெரிதாக்கியபடி. "மனுஷன் மண்டையையும் போடும்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்காது."

"வாயை மூடிட்டு கார்டு டப்பாவை எடு," என்றாள் டெலியா ரூர்க்.

டெலியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாசசூசெட்ஸ் போலீஸில் இருபத்தாறு வருடம் கொலை வழக்குகளாகப் பார்த்துவிட்டு, இப்போது ஹார்வெல் ஃபால்ஸ் ஊரில் தனியாகத் துப்பறிகிறாள். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. ஃப்ரிட்ஸ் லாகேர் அவளுடைய ஒரே ஊழியன். ஹைத்தியிலிருந்து வந்த பெற்றோருக்கு ப்ராக்டனில் பிறந்தவன், முப்பத்தொரு வயது. பள்ளி முடித்த வருடம் பதினோரு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, பதினொன்றிலும் "வருந்துகிறோம்" கடிதம் வாங்கியவன். அதனால்தான் இந்த வழக்கில் அவனுக்குத் தனி உற்சாகம்.

கிரீன்வால்ட், பொறுக்கி எடுத்து ஆள் சேர்க்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் விண்ணப்பங்களைப் படித்தவர். ஓய்வுக்குப் பிறகு மெயின் தெருவில், ரொட்டிக் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறை. பெற்றோர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். மதிப்பெண், தேர்வு, விளையாட்டு, வயலின், சமூக சேவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு மஞ்சள் கார்டில் பென்சிலால் ஒரு எண் எழுதுவார். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு. அவ்வளவுதான். அவர் எழுதும் எண் பெரும்பாலும் பொய்த்ததில்லை. அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

கிரெய்க் ஹால்வர்சன் என்ற பல் டாக்டருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர் மகனுக்குக் கிடைத்த எண் மூன்று. திங்கட்கிழமை காலை ரொட்டிக் கடையில், வரிசையில் நின்றவர்கள் முன்னால், "உன் வாயை உடைக்கிறேன் பார்!" என்று கத்தினார். செவ்வாய் மாலை நாலரைக்கு கிரீன்வால்டின் வாய் உடைந்தது. போலீஸ் அவரைப் பிடித்துப் போனது; வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஹால்வர்சனின் மனைவி டெலியாவிடம் ஓடி வந்தாள். இன்று வெள்ளி.

"பல் டாக்டர், பல்லு உடைஞ்ச கேஸ்," என்றான் ஃப்ரிட்ஸ். "போலீஸுக்கு இதைவிட லட்டு கிடைக்குமா?"

"போலீஸ் எந்தக் கார்டை எல்லாம் பார்த்தாங்க?"

"கம்மியான நம்பரை எல்லாம். மூணு, ரெண்டு, ஒண்ணு. ஒண்ணு வாங்கினவன் எனக்குத் தூரத்துச் சொந்தமா இருக்கணும்."

"நாம ஏறின நம்பரைப் பார்ப்போம்."

"பாஸ், நம்பர் ஏறினா கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுப்பாங்க. பஞ்சிங் மெஷினால அடிப்பாங்களா?"

"அதனாலதான் அதை யாருமே பார்க்கலை."

டப்பாவில் நாற்பத்து மூன்று கார்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி போட்டு எண் திருத்தப்பட்டிருந்தது. பதினொன்று பதினாலாகியிருந்தது. ஆறு ஐந்தாகியிருந்தது. யாருக்கும் மூன்று, நாலுக்கு மேல் நகரவில்லை. முப்பத்தெட்டாவது கார்டில் ஃப்ரிட்ஸின் கை நின்றது.

"லியோனர் ஃபுர்டாடோ. அக்டோபர் மூணாம் தேதி, ஒன்பது. அக்டோபர் பதினாலு..." அவன் கார்டைக் கண்ணருகே கொண்டு போனான். "அறுபது! பக்கத்துல ஒரு கேள்விக்குறி."

"பதினாலுன்னா திங்கள். அடி விழுந்ததுக்கு முந்தின நாள். மார்க் மாறியிருக்கா?"

"இல்ல. பரீட்சையும் அதேதான். மெடல், கோப்பை, ஒண்ணும் புதுசா இல்ல. பதினோரு நாள்ல இந்தப் பொண்ணு புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாத்தான் இப்படி ஏறும்." கார்டின் அடியில் பார்த்தான். "ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கார். 'கட்டுரை'."

விண்ணப்பத்தோடு மாணவர்கள் தங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். கிரீன்வால்டின் சுவரில் அதற்கு ஒரு அட்டை தொங்கியது: முதல் படியைக் கையால் எழுதவும். ஒரே பிரதி. தட்டச்சு செய்யும்போது பொய் சொல்லத் தோன்றும்.

ஃப்ரிட்ஸ் அலமாரியில் லியோனரின் ஃபைலை உருவினான். உள்ளே ஒரு கிளிப் மட்டும் இருந்தது. கிளிப்பின் பல்லில், நீலக் கோடு போட்ட தாளின் கிழிந்த மூலை.

"அவசரமா உருவியிருக்கான்," என்றாள் டெலியா. "நாப்பத்திரண்டு கட்டுரை பத்திரமா இருக்கு. ஒண்ணு இல்ல. கோபக்காரன் பேப்பரைத் திருட மாட்டான், ஃப்ரிட்ஸ். பயந்தவன்தான் திருடுவான். அந்த போட்டோவை இன்னொரு தடவை காட்டு."

போட்டோவில் ரத்தம் மேஜைக்குப் பின்னால் இருந்தது. மேஜைக்கு முன்னால், வருகிறவர் உட்காரும் நாற்காலியின் அடியில், கம்பளத்தில் இரண்டு கறுத்த திட்டுகள்.

"அது வெறும் தண்ணி," என்றான் ஃப்ரிட்ஸ். "டம்ளர் கவிழ்ந்திருக்கும்னு போலீஸ் எழுதிட்டாங்க."

டெலியா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கால்களைச் சற்று அகட்டி வைத்தாள். போட்டோவில் திட்டுகள் இருந்த இடம் சரியாக அவள் காலணிகளுக்குக் கீழே வந்தது.

"டம்ளர் இவ்வளவு ஒழுங்கா, ரெண்டு பாதத்துக்கும் சமமாக் கவிழுமா?"

"மழையும் இல்லையே பாஸ். ஒன்பது நாளா காஞ்சு கிடக்கு."

"அப்ப பூட்ஸ்ல ஐஸோட வந்திருக்கான். அது உருகிக் கம்பளத்துல இறங்கற வரைக்கும் இங்க உட்கார்ந்து பேசியிருக்கான். கால் மணி நேரமாவது ஆகும். அடிக்க வந்தவன் கால் மணி நேரம் உட்கார மாட்டான். பேச வந்தவன்தான் அடிச்சிருக்கான்."

"அக்டோபர்ல ஐஸுக்கு எங்க போறது?"

டெலியா ஜன்னலைக் காட்டினாள். ரொட்டிக் கடைக்குப் பின் தெருவில், மேப்பிள் மரங்களுக்கு மேலே, ஐஸ் ஹாக்கி விளையாடும் ரிங்க்கின் நீலத் தகரக் கூரை தெரிந்தது. நடந்தால் மூன்று நிமிடம். ஃப்ரிட்ஸ் லியோனரின் கார்டை மீண்டும் படித்தான். வேலை என்ற இடத்தில் எழுதியிருந்தது: ரிங்க் டிக்கெட் கவுன்டர், வாரம் பதினெட்டு மணி நேரம்.

"ஜாக்கெட்டை எடுத்துக்கோ," என்றாள் டெலியா.

மூன்றரை மணிக்கு ரிங்க்கில் கூட்டமில்லை. நாலு மணிக்குத்தான் பள்ளிக்கூடத்து அணி பயிற்சிக்கு வரும். ஐஸ் தளத்தில் ஒரே ஒருவன் சறுக்கிக்கொண்டு, அடையாளக் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தான். அகன்ற தோள், மொட்டைத் தலை, கழுத்தில் விசில். பயிற்சியாளர் டேல் ப்ரானக். பதினாலு வருடத்தில் ஒன்பது கோப்பை. ரிங்க்கும் அவன் நிர்வாகத்தில்தான்.

டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் ஒல்லியாக இருந்தாள். நகங்களைச் சதை வரை கடித்திருந்தாள்.

"லியோனர்தானே? அமோஸ் கிரீன்வால்ட் விஷயமா வந்திருக்கோம்."

அவள் முகம் வெளுத்தது. "அவர் செத்துட்டாரா?"

"இல்ல. நேத்து கண்ணைத் திறந்தார். பேச முடியலை. உன் கட்டுரை எங்கம்மா?"

"அவர்கிட்டதான் கொடுத்தேன்."

"அதை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்காகத்தான் அவரை அடிச்சிருக்காங்க. என்ன எழுதியிருந்தே?"

லியோனர் ஐஸ் தளத்தைப் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஸைப் பார்த்தாள்.

"பயப்படாதே," என்றான் ஃப்ரிட்ஸ். "நான் என் கட்டுரையில எங்க வீட்டுப் பூனையைப் பத்தி எழுதினேன். பதினோரு பல்கலைக்கழகமும் பூனைக்கு இரங்கல் தெரிவிச்சு லெட்டர் போட்டாங்க. உன்னோடது அதைவிட மோசமா இருக்காது."

அவள் உதடு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தினாள்.

"டோபி கெர் தெரியுமா? பிப்ரவரியில இங்க விழுந்து தலையில அடிபட்டான்னு பேப்பர்ல வந்துச்சே? அவன் விழலை. கோச் அடிச்சார். பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், எதிர்த்துப் பேசினான்னு ஹாக்கி மட்டையோட பின்பக்கத்தால காதுக்கு மேல குத்தினார். ரெண்டு தடவை. நான் இங்கேருந்து பார்த்தேன். டோபி இப்ப வீல்சேர்ல இருக்கான். அவன் பேரையே அவனால எழுத முடியலை."

"எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"வேற யாரு பார்த்தாங்க?"

அவள் கண் தளத்தின் கோடியில் மூடியிருந்த பெரிய கதவுக்குப் போய்த் திரும்பியது.

"யாரும் இல்ல," என்றாள்.

ஃப்ரிட்ஸுக்குப் பின்னால் ஸ்கேட் காலணியின் கத்தி ரப்பர் தரையில் பதியும் சத்தம் கேட்டது. அவன் திரும்புவதற்குள் மட்டையின் நுனி விலாவில் இறங்கியது. மூச்சு மொத்தமாக வெளியே போனது.

"என்னடா பேச்சு நடக்குது என் ரிங்க்ல?" என்றான் ப்ரானக். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. "ஏ பொண்ணு, என்ன சொன்னே இவங்ககிட்ட?"

"நடந்ததைச் சொன்னா," என்றாள் டெலியா. "இவளை ஏன் பார்க்கறே? என்னைப் பாரு."

"கிழவி, வெளியே போ."

ஃப்ரிட்ஸ் நிமிர்ந்தான். "மரியாதையாப் பேசுங்க சார். அவங்களுக்கு இன்னும் அறுபதே..."

வாக்கியம் முடியவில்லை. ப்ரானக் அவன் காலரைப் பிடித்து, திறந்திருந்த தடுப்புக் கதவு வழியாக ஐஸுக்குள் வீசினான். ஃப்ரிட்ஸ் முகம் குப்புற விழுந்து பத்தடி சறுக்கினான். எழுந்தான். கால் வழுக்கியது. மறுபடி விழுந்தான். ப்ரானக் சறுக்கிக்கொண்டு வந்து அவன் தொடையில் ஓங்கி அடித்தான். அடுத்தது தோளில். மூன்றாவது முகத்துக்கு வந்தது. ஃப்ரிட்ஸ் கையைக் குறுக்கே வைத்தும் மூக்கு உடையும் சத்தம் அவன் தலைக்குள்ளேயே கேட்டது. வெள்ளை ஐஸில் ரத்தம் கொத்தாகத் தெறித்தது.

"உன்னையும் விழுந்து அடிபட்டான்னு எழுத வைக்கிறேன்டா!" ப்ரானக் மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கீழே காட்டிப் பிடித்தான். டோபியைக் குத்திய பிடி.

லியோனர் அலறினாள்.

டெலியா ஓடவில்லை, கத்தவும் இல்லை. வீரர்கள் உட்காரும் பெஞ்சு மேல் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டுகள் நிறைந்த வாளி ஒன்று இருந்தது. கறுப்பு ரப்பர் வட்டுகள், நூறாவது இருக்கும். வாளியைத் தடுப்புச் சுவர் மேல் ஏற்றி ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். வட்டுகள் சடசடவென்று ஐஸில் பரவின. குத்துவதற்காகப் பின்வாங்கிய ப்ரானக்கின் வலது ஸ்கேட் ஒன்றின் மேல் ஏறியது. கால் ஒரு பக்கம் போனது, முழங்கால் இன்னொரு பக்கம் போனது. ஈர விறகு முறிவது போல ஒரு சத்தம். அவன் தாடை ஐஸில் மோதிப் பிளந்தது.

ஃப்ரிட்ஸ் முட்டிபோட்டபடியே மட்டையைப் பிடுங்கினான். ப்ரானக்கின் கை மறுபடி மட்டைக்கு நீண்டது. ஃப்ரிட்ஸ் அந்த மணிக்கட்டில் ஒன்று போட்டான். இன்னொன்றும் போட்டான். இரண்டாவதற்கு அவசியம் இருந்ததா என்று பிற்பாடு யாரும் கேட்கவில்லை.

"பாஸ்," என்றான், மூக்கிலிருந்து வாய்க்குள் இறங்கிய ரத்தத்தைத் துப்பிவிட்டு. "கேஸ் முடிஞ்சது. பல் டாக்டரை விடச் சொல்லுங்க. என் மூக்குக்கும் யாராவது நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

டெலியா பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ரானக் கழற்றி வைத்திருந்த தோல் காலணிகள். அடிப்பக்கத்தைத் திருப்பினாள். தூசி. துளி ஈரமில்லை.

"இவன் ஐஸுக்கு வர்றதே ஸ்கேட்ஸ் மாட்டிக்கிட்டுத்தான், ஃப்ரிட்ஸ். வெளியே போறப்ப காஞ்ச ஷூ. கம்பளத்துல தண்ணி எங்கேருந்து வரும்? அதுவும் போக, செவ்வாய் நாலரைக்கு இவன் இருபத்திரண்டு பசங்களோட இந்த ஐஸ்ல நின்னான். நீ ஜாக்கெட் எடுக்கப் போனப்பவே ஸ்கூலுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு என்னை அடிச்சான்?"

"டோபி விஷயம் வெளியே வந்துடும்னு. அதுக்கு இவன் கம்பி எண்ணுவான். கிரீன்வால்டை அடிச்சது வேற ஆள். பூட்ஸோட ஐஸ்ல நடக்கறவன். நாலு மணிக்கு வேலை முடிஞ்சு, அஞ்சரை வரைக்கும் சும்மா இருக்கறவன்." அவள் லியோனரின் பக்கம் திரும்பினாள். "அம்மா, அன்னைக்கு டோபியோட ரத்தத்தை ஐஸ்லேருந்து எடுத்தது யாரு?"

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

தளத்தின் கோடியில் பெரிய கதவு உயர்ந்தது. ஐஸை இழைத்துச் சமப்படுத்தும் வண்டி உறுமிக்கொண்டு வெளியே வந்தது. லாரி அளவு இருக்கும். நாலு டன். ஆள் ஓடும் வேகம்தான் போகும். உயரமான இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கம்பளித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பூட்ஸின் அடியிலும் மடிப்பிலும், வண்டி சுரண்டிக் கொட்டும் ஐஸ் தூள் அப்பியிருந்தது.

"அப்பா வர்றார்," என்றாள் லியோனர். நிம்மதியாகச் சொல்கிறாள் என்றுதான் ஃப்ரிட்ஸ் முதலில் நினைத்தான்.

பெல்மிரோ ஃபுர்டாடோ. போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்து இருபது வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர். ஊரில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. உதவிக்கு வருகிறார் என்று ஃப்ரிட்ஸ் கையை ஆட்டினான். வண்டி அவனை நோக்கி வரவில்லை. ஐஸில் கிடந்து முனகிய ப்ரானக்கை நோக்கி நேராக வந்தது. வேகம் குறையவில்லை.

"அண்ணே! நிறுத்துங்க! ஆள் கிடக்கான்!"

"தெரியும்," என்றார் பெல்மிரோ.

ப்ரானக் பார்த்துவிட்டான். ஒரு காலும் ஒரு கையும் உதவாத நிலையில் புழு மாதிரி நெளிந்து பின்னால் போக முயன்றான். "பெல்மிரோ! டேய்! உன் பொண்ணை அந்த ஸ்கூல்ல சேர்த்தது யாருடா? நான்டா!" என்று கத்தினான். ஃப்ரிட்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நூறு கிலோ உடம்பு. ஃப்ரிட்ஸின் கால் வழுக்கி இருவரும் அங்கேயே கிடந்தார்கள். வண்டியின் முன் சக்கரத்துக்கடியில் ரப்பர் வட்டுகள் நசுங்கும் சத்தம் நெருங்கியது. இருபதடி. பதினைந்தடி.

லியோனர் தடுப்பைத் தாண்டிக் குதித்தாள். ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் அதன் இரும்பு நெற்றியில் வைத்தாள். வண்டி அவளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தது. அவள் காலணிகள் ஐஸில் கோடு கிழித்தன. அவள் விலகவில்லை.

ப்ரானக்கின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வண்டி நின்றது.

"விலகும்மா," என்றார் பெல்மிரோ. அழுதுகொண்டிருந்தார். "நான் எப்படியும் ஜெயிலுக்குத்தான் போகப் போறேன். இவனையும் முடிச்சுட்டுப் போயிடறேன்."

"இறங்கு."

"அம்மாடி..."

"இறங்குப்பா!"

அவர் இறங்கினார். பூட்ஸ் ஐஸில் பட்டதும் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டெலியா தளத்தின் மேல் மெதுவாக நடந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"கிரீன்வால்ட் உயிரோட இருக்கார்," என்றாள் முதலில்.

பெல்மிரோ முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் பேசினார் மேடம். காபி கொடுத்தார். டோபி கீழே கிடக்கறப்ப இவன் என்கிட்ட, 'முதல்ல ஐஸைச் சுத்தம் பண்ணு, அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்'னான். 'உன் பொண்ணு நான் சேர்த்துவிட்ட ஸ்கூல்ல படிக்கணுமா வேணாமா'ன்னான். நான் வண்டியை எடுத்தேன். பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷம் இருந்திருந்தா பையன் இன்னைக்கு நடந்திருப்பான்னு டாக்டர் சொன்னாங்களாம். இதை எல்லாம் அந்த மனுஷன்கிட்ட ஒத்துக்கிட்டேன். 'இதைச் சொல்ல வேண்டியது நீங்க, உங்க பொண்ணு இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே போலீஸுக்குப் போங்க, இல்லன்னா நான் போகணும்'னார். போலீஸ்ங்கற வார்த்தைக்கு அப்புறம் எனக்கு எதுவும் கேட்கலை. கை எதையோ தூக்கிடுச்சு."

"கட்டுரை?"

பெல்மிரோ மேல்கோட்டின் உள்ளே கையை விட்டார். நாலாக மடித்த தாள்கள். நீலக் கோடு. ஒரு மூலை கிழிந்திருந்தது.

"எரிக்கத்தான் எடுத்தேன். அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன். என் பொண்ணு கையெழுத்து. முடியலை."

"படிச்சீங்களா?" என்று கேட்டான் ஃப்ரிட்ஸ்.

"இல்ல தம்பி. அதுல நான் எப்படி இருக்கேனோன்னு பயம்."

டெலியா தாள்களை வாங்கி ஃப்ரிட்ஸிடம் நீட்டினாள். "படி."

ஃப்ரிட்ஸ் மூக்கின் மேல் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு முழுவதையும் படித்தான். நாலு பக்கம். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனான். விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினான்.

"பாஸ்," என்றான். குரலில் கேலி இல்லை. "இதுல இவர் இல்லை."

"என்ன?"

"டோபி இருக்கான். ப்ரானக் இருக்கான். இவ கண்ணாடிக்குப் பின்னால நின்னது இருக்கு, எட்டு மாசமா தூங்காதது இருக்கு. அப்பான்னு ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. இதோ, மூணாவது பக்கம்: 'டோபி எழுந்திருக்கவில்லை. கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஐஸ் சுத்தம் செய்யப்பட்டது. பிறகு ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது.' அவ்வளவுதான்."

அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் கிரீன்வால்டின் பென்சில் எழுத்து இருந்தது. ஒரே வார்த்தை. அடியில் இரண்டு கோடு.

யாரால்?

"பத்தொன்பது வருஷம் விண்ணப்பம் படிச்ச கண்ணு," என்றாள் டெலியா மெல்ல. "ஆளே இல்லாத வாக்கியம் உறுத்தியிருக்கு. இதுக்குப் பதில் வந்தா அறுபது. அதான் அந்தக் கேள்விக்குறி. இவ சொல்லலை. அதனால அப்பாவைக் கூப்பிட்டார்."

பெல்மிரோ மகளைப் பார்த்தார்.

"உன்னை மட்டும் விட்டுட்டேன்ப்பா," என்றாள் லியோனர். "எல்லாத்தையும் எழுதினேன். உன்னை மட்டும் எழுதலை. அவர் மூணு தடவை கேட்டார். தெரியாதுன்னு சொன்னேன். மூணு தடவையும்."

வெளியே எங்கோ சைரன் கேட்டது. கவுன்டருக்கு வந்த யாரோ போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். ப்ரானக் ஐஸில் கிடந்து டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"பென் இருக்கா?" என்றார் பெல்மிரோ.

ஃப்ரிட்ஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெல்மிரோ எழுந்து, அந்தத் தாளை வாங்கி வண்டியின் படியில் விரித்து வைத்தார். குளிரில் பேனா முதலில் எழுதவில்லை. வாயருகே வைத்து ஊதினார். பிறகு அந்த ஒற்றை வார்த்தைக்கு அடியில், பள்ளிக்கூடப் பையன் போல ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். என்னால். அதற்குக் கீழே முழுப் பெயர்.

தாளை டெலியாவிடம் கொடுக்கவில்லை. மகளிடம் நீட்டினார்.

லியோனர் படித்தாள். பிறகு அவரை அடித்தாள். முதலில் கன்னத்தில், உள்ளங்கையால். அப்புறம் இரண்டு முஷ்டியாலும் மார்பில், தோளில், தொப்பி கீழே விழும்படி, மூச்சிரைக்க, ஒரு வார்த்தையும் பேசாமல். பெல்மிரோ கைகளைத் தொங்கவிட்டபடி நின்று வாங்கிக்கொண்டார்.

ஃப்ரிட்ஸ் தடுக்கப் போனான். டெலியா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு," என்றாள். "பிப்ரவரியில அடிக்க வேண்டியதை இப்பதான் அடிக்கறா."